மினேகோவின் தவிட்டு ஜாடி

திருமணப் பதிவு முடிந்து அந்த வீட்டுக்கு வந்த நான்காம் நாள் சதயே ஜாடியின் மூடியைத் திறந்தாள். தூக்கிப் போடுவதற்காகத்தான் திறந்தாள்.

சமையலறையின் வடக்கு மூலையில், வெயில் படாத இடத்தில், முழங்கால் உயரத்துக்கு நின்றிருந்தது அந்தப் பழுப்பு ஜாடி. அதற்குச் சொந்தக்காரி, அவள் கணவர் கொஹெய்யின் முதல் மனைவி மினேகோ, இறந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. காய்களைப் புதைத்து ஊறவைக்கும் உப்புத் தவிட்டை இரண்டு நாள் கையால் கிளறாமல் விட்டால் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். ஒரு வாரம் விட்டால் வார்னிஷ் நாற்றம் அடிக்கும். கோடைக்காலம் முழுக்க விட்டால் புழுதான். கொகுராவில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போதாததற்கு, அவள் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடங்களாக உணவு ஆலோசகராக இருப்பவள். மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, பெரிய குப்பைப் பையைப் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டுத்தான் மூடியில் கை வைத்தாள்.

நாற்றம் வரவில்லை.

துண்டை இறக்கி முகர்ந்து பார்த்தாள். இதமான புளிப்பு, அதற்குள் சான்ஷோ மிளகின் சுருக்கென்ற மணம். தவிடு ஈரப்பதமாக, பிசைந்த மண்போல மிருதுவாக இருந்தது. கிளறிய பிறகு காற்றுப் புகாமல் தட்டிச் சமப்படுத்துவார்களே, அப்படித் தட்டியிருந்தது. நடுவில் ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது. சின்னக் கை. சுண்டுவிரல் மட்டும் உள்பக்கமாக வளைந்திருந்தது.

அந்தச் சுண்டுவிரலை சதயேவுக்குத் தெரியும்.

"ஏங்க, இந்த ஜாடியை யாரு கிளறுறா?" என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டாள்.

கொஹெய் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யாருமில்ல."

"நீங்களா?"

"நான் அதுல கையை விட்டதே இல்ல."

"இப்பக் கிளறின மாதிரி இருக்கே."

ஒரு பக்கம் புரண்டது. "பழைய ஜாடி. அதுபாட்டுக்கு அங்க இருக்கட்டும் சதயே. விட்டுடு."

அவள் மூடியை மெல்ல வைத்து மூடினாள். குப்பைப் பையை மடித்து இழுப்பறையில் வைத்தாள்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, உருக்காலையில் கிரேன் ஓட்டிய கொஹெய்க்கு இரைப்பையில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்குப் போகும் முன் மனைவியும் கணவனும் உணவு ஆலோசனைக்கு வர வேண்டும். மினேகோ மட்டும் வந்தாள். உருண்டை முகம், கம்பளிச் சட்டை, கையில் ஒரு தகர டப்பா. டப்பாவைத் திறந்து சதயேவின் மேஜைமேல் வைத்தாள். மெல்லிய வில்லைகளாக நறுக்கிய முள்ளங்கி ஊறுகாய்.

"இதைக் குடுக்கலாமாம்மா? வேற எதுவுமே அவருக்கு இறங்க மாட்டேங்குது."

சதயேவுக்கு அன்று உற்சாகம் பொங்கியது. தவிட்டிலுள்ள சத்தெல்லாம் காய்க்குள் இறங்கும், புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் குடலுக்கு நல்லது, அந்தப் புளிப்பே பசியைத் தூண்டும் என்றெல்லாம் விளக்கினாள். உப்பில் மட்டும் கவனம். "அரைநாள் ஊறினதைக் குடுங்க. நாள்பட்டது வேண்டாம், அவருக்கு உப்பு ஆகாது." மினேகோ ஒவ்வொரு சொல்லையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எழுதும்போது அந்தச் சுண்டுவிரல் தாளில் படாமல் தனியாக வளைந்து நின்றது. "உங்க கையும் அதுல இருக்கு தெரியுமா? உங்க கையில இருக்கிற நுண்ணுயிரும் சேர்ந்துதான் அந்த ருசி" என்று சதயே சொன்னபோது, மினேகோ தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். போகும்போது வாசலில் நின்று இன்னும் ஏதோ கேட்டாள். சதயேவும் சிரித்துக்கொண்டே ஏதோ பதில் சொன்னாள். அது என்னவென்று இப்போது நினைவில் வரவில்லை.

அடுத்த ஆண்டுக்கு அடுத்த ஆகஸ்டில் மினேகோ இறந்துபோனாள். மூளையில் ரத்தக்கசிவு. அதன் பிறகு கொஹெய் தனியாகவே பரிசோதனைக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் சட்டைக் கழுத்து இன்னும் கொஞ்சம் தொளதொளத்திருந்தது. ஆலோசனை பேச்சாகி, பேச்சு தேநீராகி, நாற்பத்தொன்பது வயதுவரை தனியாக இருந்த சதயே அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவருக்கு சிஸுரு என்று ஒரு மகள். ஒசாகாவில் வேலை, ஃபோனே செய்வதில்லை என்று கொஹெய் சொல்லியிருந்தார். திருமணத்துக்கு அவளிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டைகூட வரவில்லை.

மறுநாள் மாலை, வேலையிலிருந்து வந்த கையோடு சதயே ஜாடியைத் திறந்தாள். பழைய உள்ளங்கை இல்லை. புதிதாக, சற்றே சாய்வாக, வேறொரு பதிவு. அதே சுண்டுவிரல்.

சாப்பாட்டுக் குச்சியால் தவிட்டைக் கிண்டிப் பார்த்தாள். ஒரு வெள்ளரிக்காய் தட்டுப்பட்டது. எடுத்துக் கழுவி ஒரு துண்டு நறுக்கி வாயில் போட்டாள். மொறுமொறுப்பு குறையாமல், உப்பு மட்டோடு, சரியாக அரைநாள் ஊறிய பதம். ஆலோசனை அறையில் மினேகோவுக்கு அவள் சொல்லிக்கொடுத்த அதே பதம்.

மிச்சத்தைக் குப்பையில் போடப் போனாள். ஆனால் அன்றைக்கும் கொஹெய் அவள் வேகவைத்த மீனைக் குச்சியால் தள்ளித் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து இதே கதைதான். ஒரு நாளைக்கு ஆறு வேளை, குழைந்த சோறு, மென்மையான முட்டை. பாதிக்குமேல் அவருக்கு இறங்கவில்லை. எடை நாற்பத்தெட்டு கிலோ. சதயே வெள்ளரி வில்லைகளை ஒரு சின்னத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

கொஹெய்யின் முகம் வெளுத்தது. அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு வில்லையை எடுத்து நெடுநேரம் மென்றார். இன்னொன்று. தட்டு காலியாவதற்குள் சோற்றுக் கிண்ணமும் காலியாகிவிட்டது. கிண்ணத்தை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் சோறு இருக்கா?"

அந்த வீட்டுக்கு அவள் வந்தபின் அவர் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் கிண்ணத்தை நிறைத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு தினமும் ஜாடிக்குள் ஏதாவது இருந்தது. ஒரு நாள் சிவப்பு நூக்கல், ஒரு நாள் கேரட், ஒரு நாள் நீளக் கத்திரிக்காய். அவள் வைக்கவில்லை. கொஹெய் கடைத்தெருப் பக்கம் போவதே இல்லை. அவள் எடுத்து நறுக்கி வைத்தாள், அவர் சாப்பிட்டார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. நவம்பர் பிறந்தபோது எடை ஐம்பத்தொன்று. வயிற்றுப் பொருமல் நின்றது. படியேறும்போது மூச்சு வாங்குவது குறைந்தது. மருத்துவர் சதயேவைத்தான் பாராட்டினார். அவள் தலைகுனிந்து நன்றி சொன்னாள். வேறொருத்தியின் நகையைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

அவளும் அதைச் சாப்பிட்டாள். சாப்பிடாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவு ருசி. பல வருடங்களாக இருந்த அவளுடைய மலச்சிக்கல்கூடச் சரியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் வீட்டாரை உட்காரவைத்துப் பேசும்போது, "இதெல்லாம் உயிருள்ள சாப்பாடு, உள்ளே போய் உங்களுக்காக வேலை செய்யும்" என்று வழக்கமாகச் சொல்லும் வாக்கியம் வந்ததும் நாக்கு தடுமாறியது. அவள் வயிற்றுக்குள் யார் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்? தன் கணவனுக்குத் தன் கையாலேயே அவள் யாருடைய சாப்பாட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறாள்?

சந்தையில் மத்தி வாங்கப் போனபோது மீன்காரி ஃபுசா அவளைப் பிடித்துக்கொண்டாள். அறுபது வயது, ரப்பர் பூட்ஸ், சந்தை முழுக்கக் கேட்கிற குரல்.

"என்னக்கா, உங்க புது மாப்பிள்ளை கன்னத்துல சதை வச்சிருக்காரே! நேத்து ஆத்தோரம் பாத்தேன். அப்படி என்னத்தைப் போடுறீங்க?"

"சும்மா இருங்க ஃபுசா. தவிட்டு ஊறுகாய்தான்."

"அட, ஜாடியெல்லாம் வச்சாச்சா? யாருகிட்ட தவிடு வாங்கினீங்க?"

"அந்த வீட்டுல இருந்ததுதான்."

மீனின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்த கத்தி நின்றது. "மினேகோக்கா ஜாடியா? அது அவங்க போய்ச் சேர்ந்த வாரமே செத்திருக்கணுமே!"

"சாகல."

"அப்ப யாரு கிளறுறா?"

சதயே பணப்பையைத் திறந்து காசு தேடினாள். ஃபுசா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பயத்தை மறைக்கச் சத்தமாகச் சிரித்தாள். "அந்தம்மா செத்தும் சும்மா இருக்க மாட்டாங்கபோல! எதையும் வீணாக்கப் பொறுக்காத மனுஷி. கடைசி ரெண்டு வருஷமும் நாள்பட்ட ஊறுகாயா தின்னு தீர்த்தாங்க. டப்பாவுல கொண்டுவந்து எனக்கும் ஒரு துண்டு நீட்டுவாங்க. அப்பா, உப்புக்கல்லு! இதை எப்படிக்கா திங்கிறீங்கன்னு கேட்டா, வீட்டுக்காரருக்குத்தான் ஆகாது, எனக்கென்ன, ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்கம்பாங்க."

"யாரு சொன்னாங்களாம்?"

"அதெல்லாம் எனக்கெங்க தெரியும். இந்தாங்க, பன்னெண்டு மத்தி. தவிடு போட்டுக் கொதிக்கவிடுங்க, மனுஷன் எலும்பைக்கூட விட மாட்டாரு."

வீட்டுக்குப் போகும் படிக்கட்டில் பாதி ஏறியிருந்தாள் சதயே. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஆலோசனை அறை வாசல், தகர டப்பா, உருண்டை முகம். என்னவோ கேட்டாளே. என்ன கேட்டாள்?

மறுநாள் காலை எப்போதும்போல ஆறேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினாள். ஆனால் பேருந்தில் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, சாய்வுத் தெருவின் கீழே தபால் பெட்டிக்குப் பின்னால் நின்றாள். சரியாக ஏழுக்கு கொஹெய் கைத்தடியுடன் ஆற்றுப் பக்கம் நடக்கப் போனார். மழையோ காற்றோ, அந்த நேரம் மாறாது என்று அவரே சொல்லியிருக்கிறார். பதினைந்து நிமிடம் கழித்து அவள் படியேறினாள்.

பூட்டிய கதவு பூட்டியபடியே இருந்தது. சத்தமில்லாமல் திறந்தாள். வாசலில் ஒரு ஜோடிப் பெண் செருப்பு, வெளியே போகும் பக்கமாகத் திருப்பி ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. உள்ளேயிருந்து ஈரமான சத்தம் ஒன்று வந்தது. சளப், சளப். அடியிலிருந்து அள்ளி மேலே போடும் சத்தம்.

அடிமேல் அடி வைத்துக் கூடத்தைக் கடந்தாள். சமையலறையில் ஒருத்தி முதுகைக் காட்டி மண்டியிட்டிருந்தாள். பரண்மேல் பெட்டியில் சதயே பார்த்திருந்த, மினேகோவின் கோடுபோட்ட சமையல் அங்கி அவள் மேல் இருந்தது. வலது கை முழங்கை வரை ஜாடிக்குள்.

"மினேகோ சான்" என்று சதயேவின் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

கை நின்றது. அந்தப் பெண் திரும்பினாள். அதே உருண்டை முகம்தான். ஆனால் முப்பது வயதுதான் இருக்கும்.

"அம்மா இல்ல. நான் சிஸுரு" என்றாள். எழுந்திருக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. "பயந்துட்டீங்களா? நல்லது."

சதயே சுவரில் சாய்ந்துகொண்டாள். "ஒசாகாவுல இருக்கிறதா சொன்னாரு..."

"அம்மா செத்த மாசமே இங்க பக்கத்துல தொபாதாவுக்கு மாத்தல் கேட்டு வந்துட்டேன். அப்பாகிட்டச் சொல்லல. அவர்கூட எனக்குப் பேச்சு இல்ல. ஆனா அவரு பட்டினி கிடக்கிறதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? அவரு நடக்கப் போற நேரத்துக்கு வந்து கிளறிட்டு, காயை வச்சிட்டு, எட்டேகால் பஸ்ஸைப் பிடிப்பேன். ஒரு வருஷமா இதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்டயா?" சிஸுரு கையை வெளியே எடுத்தாள். விரல்களில் தவிடு அப்பியிருந்தது, சுண்டுவிரல் வளைந்திருந்தது. "சதயே சான், உங்களுக்கு நெஜமாவே ஞாபகம் இல்லையா? அப்பாவுக்குப் பழசு குடுக்காதீங்கன்னு சொன்னீங்களே. அப்ப பழசையெல்லாம் என்னம்மா பண்றதுன்னு எங்கம்மா கேட்டாங்களே. அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

வாசல் கதவு. தகர டப்பா. சிரிப்பு. அந்த நொடியில் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது.

"நீங்க சாப்பிடுங்கன்னு சொன்னேன்" என்றாள் சதயே.

"நீங்கதான் திடமா இருக்கீங்களே, நீங்க சாப்பிடுங்க. அப்படித்தான் சொன்னீங்க. அம்மா ஃபோன்ல என்கிட்டச் சொல்லிச் சிரிச்சாங்க, அந்தம்மா ரொம்பத் தமாஷா பேசுறாங்கன்னு. அவங்களுக்கு ரத்தக்கொதிப்பு இருந்துச்சு. வெளிய யாருக்கும் தெரியாது. நீங்களும் கேக்கல. மூணு வேளையும் அந்த உப்பைத் தின்னாங்க. வீணாப் போகக் கூடாதுல்ல."

வாசலில் கைத்தடி சாய்க்கும் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பினார்கள். கொஹெய் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. மகளைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியுமா உங்களுக்கு?" என்றாள் சதயே.

"போன வருஷம் குளிர்காலத்துல ஒரு நாள் குடையை மறந்துட்டுத் திரும்பி வந்தேன். ஜன்னல்ல முதுகு தெரிஞ்சுது. ஒரு நிமிஷம் மினேகோன்னே நெனச்சுட்டேன், அப்புறந்தான் நம்ம சிஸுருன்னு தெரிஞ்சுது. அப்படியே கீழ இறங்கிப் போயிட்டேன். அதுக்கப்புறம் ஏழு மணின்னா ஏழு மணிதான். இவ வந்துட்டுப் போகணுமேன்னு. இன்னைக்கு நீ தபால் பெட்டிக்குப் பின்னால நின்னதைப் பாத்துட்டுத்தான் பாதியிலயே திரும்பினேன்." மூச்சு விட்டார். "நான் கையை விட்டதில்லன்னு சொன்னது பொய் இல்ல. இடுக்கியாலதான் எடுப்பேன். நீ வந்தப்புறம் அதையும் விட்டேன். உன் மேஜையில அவ சாப்பாட்டை எப்படி வைக்கிறது?"

"நல்லா இருக்குப்பா நியாயம்!" என்றாள் சிஸுரு. குரல் உடைந்தது. "அம்மாவை இவங்க கொன்னாங்க, நீங்க கட்டிக்கிட்டீங்க."

"இவ ஒரு தடவை சிரிச்சுக்கிட்டே சொன்னா. நான் தினமும் பாத்தேன்" என்றார் கொஹெய். "தொட்டிகிட்ட நின்னுக்கிட்டே அவ திம்பா. கால் வீங்கியிருந்துச்சு. தலைவலின்னு நெத்தியில துணி கட்டிப்பா. நான் மேஜையில உக்காந்து பக்குவமா ஊறினதைச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். ருசியா இருந்துச்சு. போதும்டின்னு ஒரு வார்த்தை சொல்லல. 'அம்மா இப்படி ஆகுற வரைக்கும் நீங்க என்ன பண்ணீங்க'ன்னு சாவு வீட்டுல நீ கேட்ட கேள்விக்கு அன்னைக்கு நான் வாயைத் திறக்கல. இப்பச் சொல்லிட்டேன்."

யாரும் அழவில்லை. சிஸுரு எழுந்து கையைக் கழுவினாள், அங்கியைக் கழற்றி மடித்தாள்.

"ஜாடியை எடுத்துக்கிட்டுப் போயிடு" என்றாள் சதயே. "அது உங்கம்மாவோடது. நான் அதைத் தொடக் கூடாது."

சிஸுரு பெரிய துணியில் ஜாடியைக் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். அந்தக் கனத்தில் அவள் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததை ஜன்னல் வழியே இருவரும் பார்த்தார்கள்.

ஜாடி போன பிறகும் சத்தம் போகவில்லை. காலையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு நிற்கும்போது, அந்த மூலையிலிருந்து சளப், சளப் என்று சதயேவுக்குக் கேட்டது. திரும்பினால் தரையில் வட்டமாக ஒரு வெளிறிய தடம் மட்டும் இருந்தது. கொஹெய்யின் தட்டில் மறுபடி பாதிச் சோறு மிஞ்சியது. கடையில் விற்கும் ஊறுகாயை வாங்கி வைத்துப் பார்த்தாள். ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டார். டிசம்பர் கடைசியில் எடை நாற்பத்தொன்பது.

ஆஸ்பத்திரியில் அவள் ரத்த அழுத்தக் கருவி ஒன்றைக் கேட்டு வாங்கித் தன் மேஜையில் வைத்துக்கொண்டாள். நோயாளிக்காகக் கேட்க வரும் ஒவ்வொரு மனைவியிடமும், "நீங்க என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டாள். எனக்கென்னம்மா, மிஞ்சினதுதான் என்று சிரிப்பார்கள். "அதைச் சொல்லுங்க, மிஞ்சினது என்னது?" என்று விடாமல் கேட்டு, கையை நீட்டச் சொல்லிப் பட்டையைச் சுற்றினாள். ஜனவரியில் ஒரு பெண்ணுக்கு நூற்று எண்பத்தாறு. கையோடு மேல்மாடியிலிருந்த மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். இப்போதெல்லாம் அவள் தமாஷாகப் பேசுவதில்லை என்று உடன் வேலை செய்பவர்கள் சொன்னார்கள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொபாதாவுக்குப் போய் சிஸுருவின் அழைப்பு மணியை அழுத்தினாள். கதவு பாதி திறந்தது.

"எனக்காக வரல. அவரு சாப்பிட மாட்டேங்குறாரு. தவிடு கொஞ்சம் குடு" என்றாள் சதயே.

சிஸுரு கதவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். "யாரு கிளறுவா?"

"நான்தான். வேற யாரு?"

"உங்க கை பட்டா ருசி மாறிடும்."

"மாறும். ஒரு மாசத்துல மாறிடும். தெரிஞ்சுதான் கேக்குறேன்."

சிஸுரு உள்ளே போய் ஒரு எனாமல் பெட்டியில் பாதித் தவிட்டை அள்ளிக்கொண்டு வந்தாள். உப்பு எவ்வளவு, தவிடு எப்போது சேர்க்க வேண்டும் என்று வாசலில் நின்றபடியே சொன்னாள். கடைசியில், "பழசாப் போனா தூக்கி எறிஞ்சுடுங்க. யாரும் திங்க வேண்டாம்" என்றாள்.

முதல் நாள் கையை விட்டபோது தவிடு குளிர்ந்திருந்தது. ஆழத்தில் மட்டும் இளஞ்சூடாக இருந்தது. சதயே கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே யாரோ கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று காத்திருந்தாள். யாரும் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால்கூடத் தேவலாம் என்று தோன்றியது. கொஹெய் முதல் துண்டை மென்றுவிட்டு, "கொஞ்சம் வேற மாதிரி இருக்கு" என்றார். பிறகு அதையும் சாப்பிட்டார், சோற்றையும் சாப்பிட்டார்.

மார்ச்சில், இறந்தவர்களின் கல்லறைக்குப் போகும் ஹிகன் வாரம் வந்தது. மூவரும் சேர்ந்தே கல்லறையைக் கழுவப் போனார்கள். கொஹெய் தண்ணீர் ஊற்ற, சிஸுரு பாசியைத் தேய்த்தாள். ஊதுவத்தி வைக்கும் முறை தனக்கு வந்தபோது சதயே கை கூப்பினாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். ஆனால் வார்த்தை எதுவும் திரளவில்லை. மற்ற இருவரும் நகர்ந்த பிறகும் அவள் அப்படியே நின்றிருந்தாள். சிஸுரு வாளியை எடுக்கத் திரும்பி வந்தாள்.

"என்ன சொல்லணும்னே தெரியல" என்றாள் சதயே. "கோவமா இருப்பாங்க."

"அம்மாவா? அவங்களுக்குக் கோவமே வராது" என்றாள் சிஸுரு. "வந்திருந்தா நமக்கு எவ்வளவு சுலபமா இருந்திருக்கும்."

வாளியில் மிஞ்சியிருந்த தண்ணீரைப் பக்கத்துச் செடிக்கு ஊற்றிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். கீழே கொஹெய் பசிக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தார்.